ஒற்றைக் கண் சாட்சி

"ஐயோ... போச்சே!"

குன்றின் மேல் நின்று துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பழைய கான்சுலேட் மாளிகை, இப்போதைய மியூசியம், அதிர்ந்தது.

அலறியது பெண் அல்ல. பேயும் அல்ல.

க்யூரேட்டர்!

கூடத்தில் கண்ணாடிப் பெட்டி திறந்து கிடந்தது. கான்சல் துரை ஒரு காலத்தில் கடிதங்களில் குத்திய வெள்ளி முத்திரை... காணோம்!

சுற்றிப் பார்க்க வந்த இருபது பேரும் வாயைத் திறந்தபடி நின்றார்கள். அவர்களை அழைத்து வந்த கைடு பெண் மட்டும் வாசல் கதவைச் சாத்தினாள்.

"யாரும் வெளிய போகாதீங்க. சார், போலீசுக்கு போன் போடுங்க!"

அரை மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே ஒரு கான்ஸ்டபிள்.

க்யூரேட்டர் கையை நீட்டினார். நேராக அவள் முகத்துக்கு!

"இவதான் சார்! பெட்டி சாவி இவகிட்டயும் இருக்கு. தினம் பத்து மணிக்கு இவ அப்பன் பின்கேட்ல வந்து சோத்து டப்பாவைக் குடுப்பான். முந்தின நாள் காலி டப்பாவைத் திருப்பி எடுத்துட்டுப் போவான். இன்னிக்கு அந்த டப்பாக்குள்ளதான் முத்திரை போயிருக்கு!"

"மரியாதையா பேசுங்க சார். அப்பான்னு சொல்லுங்க."

"மூட்டை தூக்குறவனுக்கு மரியாதை வேறயா?"

"அந்த மூட்டையிலதான் நான் டிகிரி வாங்கினேன். உங்க டிகிரி எதுல வந்துச்சு?"

கான்ஸ்டபிள் சிரிப்பை அடக்க மீசையைத் தடவினார்.

"ஆதாரம்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நானே சாட்சி! பெட்டி காலின்னு தெரிஞ்சதும் மாடிக்கு ஓடினேன். துரையோட டெலஸ்கோப்ல பாத்தேன். படகு கட்டுற நாலாம் நம்பர் ஜெட்டி. இவ அப்பா டப்பாவைத் திறந்து முத்திரையை ஒரு படகுக்காரன் கையில குடுத்தாரு. என் ரெண்டு கண்ணால பாத்தேன் சார்!"

"டெலஸ்கோப்ல ஒரு கண்ணாலதான் பாக்க முடியும்," என்றாள் அவள்.

"பாத்தீங்களா சார்... திமிர்!"

இன்ஸ்பெக்டர் ஜெட்டிக்கு அனுப்பிய ஜீப் கால் மணியில் வாசலுக்குத் திரும்பியது. பின்சீட்டில் அவள் அப்பா. தலையில் துண்டு, தோளில் மூட்டைத் தூசி, மடியில் நேற்றைய காலி டப்பா. படகுக்காரன்? அப்படி ஒருவன் அகப்படவில்லை.

வேலை போனால் போகட்டும். இந்த மனுஷன் ஜெயிலுக்கா?

"அழாதம்மா," என்றார் அப்பா. "நான் சுமக்காத பாரமா?"

அவள் அழவில்லை. பல்லைக் கடித்தாள்.

"சார், மாடிக்குப் போகலாமா? இவர் பாத்த இடத்தை நீங்களும் பாருங்க."

மாடி வராந்தா. கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கடல் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது ஆளுயரப் பித்தளை டெலஸ்கோப். க்யூரேட்டர் படியேறி வந்து மூச்சு வாங்கினார்.

இன்ஸ்பெக்டர் ஒரு கண்ணை மூடிக் குனிந்தார்.

ஐந்து விநாடி...

பத்து விநாடி...

"அடடா! ஜெட்டி, கப்பல் எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல தெரியுதே!"

"நான் சொல்லல?" க்யூரேட்டர் துள்ளினார். "அரெஸ்ட் பண்ணுங்க!"

அவள் டெலஸ்கோப்பின் கழுத்தைப் பிடித்து அப்படியே உள்பக்கம் திருப்பினாள்.

க்ரீச்ச்ச்...

முன் கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புப் பெயின்ட் அடித்த தகர மூடி! நான்கு ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தது.

"ஆறு மாசம் முன்னாடி கண்ணாடி உடைஞ்சு போச்சு சார். மழைத் தண்ணி இறங்காம இருக்க நான்தான் இதை அடிக்க வச்சேன். அன்னிலருந்து இதுல எதுவுமே தெரியாது."

"பொய்!" க்யூரேட்டர் குரல் கிழிந்தது. "யாரைக் கேட்டு அடிச்ச?"

"உங்களைக் கேட்டு."

தோள்பையில் இருந்த பைலிலிருந்து ஒரு தாளை உருவினாள். 'கண்ணாடி உடைந்துவிட்டதால் தகர மூடி போட அனுமதி வேண்டும்.' கீழே பச்சை மையில் வளைந்து நெளிந்து க்யூரேட்டரின் கையெழுத்து!

"நான் எழுதுறதை இவர் படிக்க மாட்டார். கையெழுத்து மட்டும் போடுவார். மாடிப்படி ஏறியும் வருஷக்கணக்காச்சு. இன்னிக்குத்தான் ஏறியிருக்காரு... அதுவும் உங்க பின்னாடி!"

க்யூரேட்டரின் வழுக்கையில் வியர்வை அரும்பியது.

"யோவ், இவர் ரூமை அலசு!" என்றார் இன்ஸ்பெக்டர்.

கான்ஸ்டபிள் ஓடினார். நாலே நிமிஷம். கையில் க்யூரேட்டரின் டிபன் கேரியரோடு திரும்பினார். மேல் அடுக்கில் சோறு. நடு அடுக்கில் பொரியல். அடி அடுக்கில்...

வெள்ளி முத்திரை!

க்யூரேட்டர் தரையில் உட்கார்ந்தார். ஜீப் அதேதான். பின்சீட்டில் ஆள் மட்டும் மாறினார்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மத்தியானச் சோறு ஆறிடும். சாப்பிடு. எனக்கு இன்னும் நாப்பது மூட்டை கிடக்கு."

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். "வேற ஏதாவது எழுதணுமாம்மா?"

"ஒரே ஒரு சந்தேகம் சார். இந்த டெலஸ்கோப்ல நீங்க ஒரு கப்பல் பாத்தீங்களே... அது என்ன கலர்?"

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கறுப்பும்மா... கடல்கூட கறுப்பாத்தான் இருந்துச்சு!"