சின்னமாயனின் நீர்ப்பங்கு

சமன்மானி நிவேதிகாவை ஊர் வாசலிலேயே நிறுத்தியது. வளைகாப்பு முடிந்து, ஏழு மாத வயிற்றோடு தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள்.

“ஒரு நாள் விருந்தினர். மாலை ஆறு மணிக்குள் வெளியேற வேண்டும்,” என்றது இயந்திரம்.

பூதிமேட்டின் நிலத்தடி நீரை அளந்து, ஊருக்குள் எத்தனை பேர் இருக்கலாம் என்று முடிவு செய்வது அதன் வேலை. அது வருவதற்கு முன்பு ஆயிரம் அடி தோண்டினாலும் புழுதிதான் வந்தது. இப்போது கிணறுகளில் தண்ணீர் நின்றது. திராட்சைப் பந்தல்கள் காய்த்தன. ஒயின் ருசித்து ஊர் பார்க்க வந்தவர்களால் பள்ளியும் மருத்துவமனையும் எழுந்தன. ஊரைவிட்டு ஒருவர் போனால் அவருடைய நீர்ப்பங்கு ஆறு விருந்தினருக்குப் போகும், திரும்பி வராது. அந்த விதியை எழுதியவர் நிவேதிகாவின் அப்பா சின்னமாயன், ஒயின் ஆலைக் கூட்டுறவின் தலைவர். மகள் கல்யாணமாகிப் போன அன்று அவளுடைய பங்கை விருந்தினருக்கு மாற்றவும் அவரே கையெழுத்திட்டார்.

“ஒயின் குடிக்க வர்றவுகளுக்கு மெத்தை விரிச்சு வச்சிருக்கீக,” என்றாள், அவரோடு வாசலுக்கு வந்திருந்த மனைவி ஈஸ்வரி. “புள்ளப்பேறுக்கு மக வருவான்னு ஒரு வரி எழுதத் தோணலையாக்கும்?”

“நம்ம வீட்டுக்குத் திருத்துனா நாளைக்கு நூறு வீடு கேக்கும். மறுபடி புழுதிதான், ஈஸ்வரி.”

“விடும்மா,” என்றாள் நிவேதிகா. “நான் மதுரைக்கே போயிர்றேன். அங்க மாமியாரும் இல்ல. யாரு பாப்பாகன்னுதான்...”

குடியிருப்பவர் தம் பங்கை இன்னொருவருக்கு மாற்றித் தரலாம். அந்த ஒரு வழிதான் இருந்தது. சின்னமாயன் சமன்மானியில் கட்டைவிரலை வைத்தார்.

“அப்பா! நீங்க எங்க இருப்பீக?”

“தேனி டவுனுல ஒரு ரூம் பாத்துக்கிறேன். ஊரு சுத்த வர்ற பஸ்ஸுல நானும் வந்துட்டுப் போறேன். பேரனுக்கு அப்பத்தான் என் மேல மரியாதை இருக்கும்.”

ஈஸ்வரி மகளின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனாள்.

பேரன் பிறந்த பதினாறாம் நாள், விருந்தினர் வரிசையில் அவர் நின்றார். நிவேதிகா புருஷன் வீட்டுக்குத் திரும்பும் அன்று, அவர் மகளுக்குக் கொடுத்த பங்கும் ஆறு விருந்தினருக்குப் போய்விடும், அவருக்குத் திரும்பாது. அதையும் அவர்தான் எழுதியிருந்தார்.

அவர் கையில் பச்சைப் பட்டை ஒன்றைச் சுற்றிவிட்டு, வரவேற்புப் பொறி பேசியது. ஆலைத் திறப்பு விழாவன்று பதிவு செய்த அவருடைய சொந்தக் குரல்:

“வாங்க, வாங்க! எங்க ஊருல யாரும் விருந்தாளி இல்ல. எல்லாரும் வீட்டு ஆளுகதான்.”

குரல் முடியும்வரை நின்றார். பிறகு சமன்மானி அவர் வெளியேற வேண்டிய நேரத்தைச் சொன்னது.