சுண்டு வைத்த பரீட்சை

சுண்டுவின் அக்காவுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷமான செய்திதான். ஆனால் அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை.

ஒரு கல்லூரியில் சமூகப்பணி படிக்கலாம். கஷ்டத்தில் இருக்கும் குடும்பங்களோடு பேசி, எங்கே போனால் என்ன உதவி கிடைக்கும் என்று வழிகாட்டும் படிப்பு. இன்னொன்றில் ஆக்குபேஷனல் தெரபி. உடம்புக்கு முடியாமல் போனவர்கள் சாப்பிடுவது, சட்டை போடுவது போன்ற அன்றாட வேலைகளைத் திரும்பவும் தாங்களே செய்யப் பழக்கும் படிப்பு.

"ரெண்டுமே நல்லாத்தான் இருக்கு. மண்டை காயுது," என்றாள் அக்கா. நாளைக்குள் முடிவைச் சொல்லியாக வேண்டும்.

"பேசாம சீட்டுக் குலுக்கிப் போட்டுடலாமா?" என்றார் அப்பா. அம்மா முறைத்த முறைப்பில் வாயை மூடிக்கொண்டார்.

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் சுண்டுவுக்கு மட்டும் குழப்பமே இல்லை. தெரபி கல்லூரி இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. சமூகப்பணிக் கல்லூரிக்கோ ராத்திரி முழுக்க ரயிலில் போக வேண்டும். விடுதியில் தங்க வேண்டும். அக்கா போய்விட்டால் கணக்கு யார் சொல்லித் தருவார்கள்? விளக்கை அணைத்த பிறகு யாரோடு கிசுகிசுப்பது?

சுண்டு ஒரு திட்டம் போட்டாள்.

எதிர்வீட்டு மாமா பஸ் டிரைவர். பக்கவாதம் வந்ததிலிருந்து அவருடைய வலது கை விரல்கள் சரியாக மடங்குவதில்லை. ஸ்பூனைப் பிடித்தால் நழுவிவிடும். அத்தைதான் ஊட்டிவிட வேண்டும். அதற்கு மாமா போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கும்.

"அக்கா, மாமா ஸ்பூன் பிடிக்க ஏதாவது செய்யலாம் வா," என்று சுண்டு கையைப் பிடித்து இழுத்தாள். ஒரு தடவை செய்து பார்த்தால் அக்காவுக்குத் தெரபி பிடித்துப்போய்விடும் என்பது அவள் போட்ட கணக்கு.

அவர்கள் போனபோது மேசையில் சூப் ஆறிக் கிடந்தது. மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் என்ன கைக்குழந்தையா? யாரும் எனக்கு ஊட்ட வேணாம்!"

அத்தை எழுந்து சமையலறைக்குள் போனாள். அக்கா அவள் போன பக்கத்தையே பார்த்தாள். "ஒரு நிமிஷம் சுண்டு," என்று சொல்லி அவளும் உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு நிமிஷம் முடிவதாகத் தெரியவில்லை. சுண்டுவே களத்தில் இறங்கினாள்.

"மாமா, ஸ்டியரிங் எப்படிப் பிடிப்பீங்க?"

"அது தடியா இருக்கும், கைக்கு அடங்கும். இது என்ன, குச்சி மாதிரி!"

சுண்டு ஓடிப்போய்த் தன் சைக்கிள் கைப்பிடியின் ரப்பர் உறையை உருவிக்கொண்டு வந்தாள். நன்றாகக் கழுவி, உள்ளே துணியை அடைத்து, ஸ்பூனைச் செருகினாள். மாமா பிடித்தார். நழுவவில்லை! ஆனால் மணிக்கட்டு திரும்ப மறுத்ததால் சூப் நேராக மூக்குக்குப் போனது.

"மூக்குக்குப் பசிக்கலம்மா," என்றார் மாமா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சுண்டு ஸ்பூனின் கழுத்தை மேசை விளிம்பில் வைத்து அழுத்தி, வாய்ப்பக்கமாக வளைத்தாள். இந்தத் தடவை சரியாகப் போய்ச் சேர்ந்தது. கிண்ணம் காலியாகும் வரை மாமா நிமிரவே இல்லை.

சுண்டு சமையலறையை எட்டிப் பார்த்தாள். அத்தையின் கண்கள் சிவந்திருந்தன. ஆனால் முகம் தெளிந்திருந்தது. அக்கா போனைக் கீழே வைத்தாள்.

"தினமும் காலையில எங்க அம்மா மாமாகூட இருப்பாங்க. நீங்க பழையபடி தையல் கடைக்குப் போங்க அத்தை. டிப்போ மேனேஜர்கிட்டயும் பேசிட்டேன். மாமாவுக்கு உட்கார்ந்து செய்யுற வேலை இருக்கான்னு பார்த்துச் சொல்றாராம்."

"இதெல்லாம் யார்கிட்ட சொல்றதுன்னே தெரியாம தவிச்சேன்," என்றாள் அத்தை.

வெளியே வந்ததும் அக்கா துள்ளினாள். "மாமா தானே சாப்பிட்டுட்டாராமே! முடிவு பண்ணிட்டேன் சுண்டு. தெரபியே படிக்கிறேன். உன்னையும் விட்டுப் போக வேணாம்."

நினைத்தது நடந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும். வீட்டு வாசல் வரை சுண்டு வாயைத் திறக்கவில்லை. அதற்கு மேல் முடியவில்லை.

"அக்கா, நீ அந்த ஸ்பூனைத் தொடவே இல்ல."

"என்னது?"

"அது நான் செஞ்சது. அத்தை எழுந்து போனதும் உன் கால் தானா அவங்க பின்னாடி போச்சு. மாமா சாப்பிட்டாரான்னுகூட நீ வந்து பார்க்கல. உனக்குப் பிடிச்சது அத்தைக்கு நீ செஞ்ச அந்த வேலைதான்."

அக்கா நின்றுவிட்டாள்.

"நான் அவ்வளவு தூரம் போயிட்டா நீ அழுவியே?"

"அழுவேன். அது என் வேலை. நீ உன் வேலையைப் பாரு."

அக்கா அவளை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். பிறகு உள்ளே போய், எல்லார் முன்னாலும் சமூகப்பணிக் கல்லூரிக்குப் போன் செய்து, "நான் வந்து சேர்றேன்," என்று சொன்னாள். குரலில் துளிகூடத் தயக்கம் இல்லை.

சுண்டு சொன்னபடியே அழுதாள். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு அக்காவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தத் தெரபி காலேஜுக்கும் ஒரு போன் போடு. நீ வரலையாம், உன் தங்கச்சி வருவாளாம், பள்ளிக்கூடத்தை மட்டும் முடிச்சிட்டு வர்றாளாம்னு சொல்லிடு!"