துரும்பு கடிக்காதவன்

செஞ்சிக் கடைத்தெருவில் வெள்ளை நூல் கிடைக்கவில்லை. கறுப்பு நூற்கண்டோடு சவரியம்மாள் வீட்டுக்குள் நுழைந்தபோது, புருஷன் மரியசெல்வம் சட்டையை மாட்டிக்கொண்டு புறப்படத் தயாராக நின்றான்.

வெள்ளைச் சட்டை. வலது அக்குளில் ஒரு சாண் கிழிசல்.

"நேத்துதான தச்சேன்? மறுபடியும் எப்பிடிய்யா பிரிஞ்சிது?"

"உன் தையலு லட்சணம் அப்பிடி. கல்லு உடைக்கிற கையில ஊசி எங்க நிக்கும்?"

கல் குவாரியில் அவனை மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அண்ணன் தோமினிக் பாறையிலிருந்து விழுந்து செத்ததில் காலியான வேலை. கிழிசலோடு போய் நின்றால் வேறு எவனுக்காவது போய்விடும்.

சட்டையும் அண்ணனுடையதுதான். கல்யாணத்துக்குத் தைத்தது. அண்ணி ராயம்மாள் அதைத்தான் பிணத்துக்குப் போட்டுவிட்டாள். பெட்டியை மூடி ஆணி அடிக்கும் வேலை தம்பிக்கு. எல்லோரையும் வெளியே போகச் சொல்லிவிட்டு, விறைத்த கையை முறுக்கிச் சட்டையை உருவினான். அப்போது கிழிந்த அக்குள்தான் இது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டு ஆணி அடித்துவிட்டான்.

சவரியம்மாளுக்குத் தெரியும். "மண்ணுல மக்கிப் போற துணிதான" என்று அவளும் சொன்னாள். பக்கத்து வீட்டு ராயம்மாளிடம் வாயே திறக்கவில்லை.

"அக்கா கண்ணுல படப்போவுது, பாத்துப் போ."

"அழுது அழுதே அவ கண்ணு அவிஞ்சிப் போச்சி. பக்கத்துல நின்னாலும் தெரியாது" என்று சிரித்தான்.

"சரி, கழட்டு. தச்சித் தரேன்."

"பஸ்ஸு போயிடும். மேலயே வச்சித் தையி."

"அப்ப இந்தத் துரும்பைக் கடிச்சிக்கோ."

போட்டிருக்கும் துணியை உடம்பிலேயே வைத்துத் தைத்தால் பல்லில் ஒரு துரும்பைக் கடித்துக்கொள்ள வேண்டும். பிணத்துக்குத்தான் அப்படித் தைப்பார்கள். பிணம் எதையும் கடிக்காது. இவன் உயிரோடு இருக்கிறவன் என்பதற்கு அந்தத் துரும்புதான் அடையாளம்.

அவன் துரும்பைத் தூவென்று துப்பினான்.

"நான் இன்னா மாடாடி?"

கையைத் தூக்கி அவள் தோள்மேல் போட்டான். அவள் தைத்தாள். ஊசி ஆழமாகப் போனது. அவன் முனகக்கூட இல்லை. போகப்போக அந்தக் கை கல் மாதிரி கனத்தது. வெயில் சுள்ளென்று அடிக்கிற காலையில், புதிதாகத் தோண்டிய குழியின் ஈரமண் வாசனை வந்தது.

குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள். உதடு அவன் தோலில் பட்டது.

சில்லென்றிருந்தது.

நூல் நுனி பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டது. துப்பினாள். வரவில்லை.

"சவரி… கைய எறக்க முடியலடி."

அக்குளைப் பிரித்துப் பார்த்தாள். கறுப்புத் தையல் துணியைத் தாண்டித் தோலுக்குள் ஓடியிருந்தது.

ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

"அறுடி. சீக்கிரம் அறு!"

பிளேடை எடுத்து முதல் தையலை அறுத்தாள்.

செம்மண் கொட்டியது.

இரண்டாவதை அறுத்தாள். இன்னும் கொட்டியது. அவன் அலறினான். பாறையிலிருந்து விழுந்த அன்று தோமினிக் அலறிய அதே குரல்.

மூன்றாவதை அறுப்பதற்குள் சாய்ந்துவிட்டான். விழுந்த பிறகும் கை மேலே நீட்டியபடியே நின்றது.

சத்தம் கேட்டு ராயம்மாள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினாள். விரல்கள் காலரின் உள்பக்கம் போய் நின்றன. அங்கே அவள் கையால் போட்ட சின்னச் சிலுவைத் தையல் இருந்தது.

"இது அவரு சட்டையாச்சே. குளிருமேன்னுதான போட்டனுப்பினேன். இங்க எப்பிடி வந்துச்சி, சவரி?"

எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுதான் சவரியம்மாள் நினைத்தாள்.

உதடு பிரியவில்லை.

"சொல்லேன்டி."

சவரியம்மாள் தன் உதட்டை விரலால் தடவினாள். வாயோரத்தில் கறுப்பு நூலின் நுனி நீட்டிக்கொண்டிருந்தது. மறுமுனை தரையில் ஓடி, வாசல் தாண்டி, கல்லறைப் பக்கம் போயிருந்தது.

பிடித்து இழுத்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்தும் இழுத்தார்கள்.