வலது விளக்கு

செத்துப்போன விளக்கு சூடாக இருந்தது.

அவள் உள்ளங்கையை எடுத்துவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தாள். காரின் இடது விளக்குக் கண்ணாடி சில்லென்று இருந்தது. வலது கண்ணாடி மட்டும், சற்றுமுன் யாரோ அணைத்துவிட்டுப் போனதுபோல் சுட்டது. மூன்று வாரமாக இந்த வண்டியை யாரும் தொடவில்லை. பேட்டரி ஒயரைக்கூடக் கழற்றிப் போட்டிருந்தார்கள்.

வண்டி அண்ணனுடையது. பட்டறையும் அவனுடையதுதான். மூன்று வாரம் முன்பு, இருட்டத் தொடங்கிய நேரம், எதிரே வந்த லாரி வலது கதவில் தொடங்கிப் பின்பக்கம் வரை கிழித்துக்கொண்டு போனது. ஓட்டி வந்த அண்ணன் அங்கேயே போய்விட்டான். "ஒத்த லைட்டுதான் சார் எரிஞ்சுது, பைக்குன்னு நெனச்சிட்டேன்" என்று லாரிக்காரன் போலீஸிடம் அழுதானாம்.

அன்று காலை வலது விளக்கின் பல்பை மாட்டியவள் அவள்.

ஸ்பேனரைத் தொட்டாலே அண்ணன் பிடுங்கி வைத்துவிடுவான். "நீ போய்ப் படி. இந்தக் கரியெல்லாம் என்னோட போகட்டும்." படித்தாள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலைதான் கிடைக்கவில்லை. அந்த எரிச்சலில் அன்று அவன் கையிலிருந்த பல்பை அவள் பிடுங்கினாள்.

"பட்டம் வாங்குன கை மாட்டுனா வெளிச்சம் ரெண்டு மடங்கு வருமா?"

"மூணு மடங்கு வரும். ஃபீஸ் கட்டினவன் நீதானே, உனக்குத் தெரிய வேணாமா?"

சிரித்துக்கொண்டே போன் பேசப் போனான். அவள் எப்படி மாட்டினாள் என்று பார்க்கவில்லை.

ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப்பசை பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்பு சீக்கிரம் போய்விடும். வேலைக்குச் சேரும் எவனுக்கும் முதல் நாளே சொல்லித்தருவது இது. அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பல்பு வந்த பெட்டியிலும் அச்சடித்திருந்தது. இத்தனை வருஷம் படித்தவள் அதைப் படிக்காமல் குப்பையில் போட்டாள்.

நேற்று, பட்டறையில் நசுங்கிய தகரம் நிமிர்த்தும் டிங்கர்காரர் பேச்சுவாக்கில் சொல்லித்தான் தெரியும். ராத்திரி தூக்கமில்லை. ஃப்யூஸ் போயிருக்க வேண்டும். ஒயர் அறுந்திருக்க வேண்டும். எதுவாக இருந்தாலும் சரி, பல்பாக மட்டும் இருக்கக் கூடாது.

வெளியே ஷட்டரைத் தட்டினார் டிங்கர்காரர். "பாப்பா, நாளைக்கு பழைய இரும்புக்காரன் வந்து தூக்கிட்டுப் போகப் போறான். அதுக்குப் போயி இன்னிக்கு லைட்டு பாக்குறியே, தலைக்கு ஏதாச்சும் ஆயிருச்சா?"

"ஆமாண்ணே, ஆயிருச்சு. நீங்க போய்ச் சாப்பிடுங்க."

விளக்கு சோதிக்க இருட்டு வேண்டும். இறக்கிய ஷட்டருக்கு வெளியே பகல் இரண்டு மணி நின்றது. உள்ளே டயர் ரப்பரும் பழைய ஆயிலும் கலந்த வாடை, தகரக் கூரை வெயிலில் விரிந்து டிக் டிக்கென்று நெரியும் சத்தம், எதிர்ச்சுவரில் வெளிச்சத்தின் உயரம் பார்க்க அண்ணன் போட்டிருந்த சுண்ணாம்புக் கோடு. பேட்டரியை இணைத்து சுவிட்சைத் திருப்பினாள். இடது எரிந்தது. வலது இல்லை.

ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. பல்பின் பின்னாலிருந்து சாக்கெட்டைக் கழற்றி, அதில் டெஸ்ட் லேம்ப்பை வைத்தாள். பளிச்சென்று எரிந்தது, கரண்டும் வருகிறது, எர்த்தும் சரி. இனிச் சந்தேகப்பட எதுவும் மிச்சமில்லை. கூரையின் டிக் டிக் இப்போது விளக்குக்குள்ளிருந்து வந்தது. கூடவே ஒரு வாடை. ரப்பர் இல்லை. ஆயில் இல்லை. முடி பொசுங்குவது போல.

துணியைச் சுற்றிப் பல்பை உருவினாள். துணியைத் தாண்டிச் சுட்டது. உள்ளே இழை அறுந்து தொங்கியது. கண்ணாடியில் ஒரு பக்கம் பால்போல் வெளுத்து, கொப்புளமாக வீங்கி, அதன்மேல் வளைவளைவாக ரேகை.

தன் பெருவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

அவளுடையதுதான்.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்து அழுதாள் என்று தெரியாது. பிறகு அலமாரியிலிருந்து புதுப் பல்பை எடுத்தாள். பெட்டியில் இருந்ததை ஒரு எழுத்து விடாமல் படித்தாள். அவன் வண்டி நாளைக்கு ஒற்றைக் கண்ணோடு போகக் கூடாது. துணியால் பிடித்து, கண்ணாடியில் மூச்சுக்கூடப் படாமல் மாட்டி, சுவிட்சைத் திருப்பினாள்.

சுவரில் இரண்டு வட்டம்.

வலது வட்டத்தின் ஓரத்தில் கறுப்பாக ஏதோ அசைந்தது. வண்டிக்கு முன்னால் யாரும் இல்லை. நிழல் வட்டத்துக்குள் நுழைந்தது. ஒரு விரல். இன்னொன்று. ஐந்து. பல்பை எட்டிப் பிடிக்க வருகிற கை. அவளிடமிருந்து ஸ்பேனரைப் பிடுங்க வரும் அதே கை.

"தொடாதேண்ணா!"

சுவிட்சை அணைத்தாள். இடது அணைந்தது. வலது எரிந்தது.

"வெறுங்கையால தொடாதே… சுடும்ணா, விட்டுரு!"

பேட்டரி ஒயரைப் பிடுங்கி எறிந்தாள்.

எரிந்தது.

சுவர் முழுக்க விரல்கள். மெல்ல மூடின. பல்பைப் பொத்தின. விரலிடுக்கில் மட்டும் சிவப்பாக வெளிச்சம். மூடிய விளக்குக் கண்ணாடிக்கு உள்ளே புகை சுருண்டது. தோல் கருகும் வாடை. சூடு தாங்காமல் ஐந்து விரல்களும் சுவரில் நடுநடுங்கின.

விடவில்லை.