மடிப்பு விழாத பூட்ஸ்

சம்பவத்தின்போது பட்டறையில் இருந்தவர்கள்: மேலாளர். வெல்டராக இருந்து ஃபோர்மேன் ஆனவர். ஏணியில் ஏறிய வெல்டர். ஏணியைப் பிடித்திருந்த அவருடைய மச்சான்.

வெல்டர் விழுந்து செத்துவிட்டார். மச்சான் லாக்கப்பில் இருந்தான்.

காவல் நிலையத்துக்கு வந்த வெல்டரின் மனைவி அழவில்லை, அழுது முடித்திருந்தாள். தன் தம்பி ஏணியைப் பிடிக்காமல் விட்டதாக மேலாளர் சொன்னது பொய் என்றாள்.

"புருஷன் போயிட்டாரு. தம்பியையும் விட்டுட்டு வீட்டுக்குப் போக மாட்டேன் சார்."

இன்ஸ்பெக்டரை மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆமை என்பார்கள். அவருடைய பங்கு அவசரத்தையும் ஏட்டே பார்த்துக்கொண்டார்.

"தம்பிதான் சார். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது."

"உன் மூஞ்சியும் அப்படித்தான்யா இருக்கு."

இறந்தவர் காலிலிருந்து கழற்றிய பூட்ஸ் மேசைமேல் இருந்தது. பழைய பாணி: தடித்த தோல், பித்தளைக் கொக்கிகள், கையால் தைத்த அடிப்பாகம். பத்து வருடம் உழைக்கும். மனைவி அதைப் பார்த்ததே இல்லை. பழைய ஜோடியின் அடி தேய்ந்து வழுக்கையாகிவிட்டது, மேலாளரிடம் புதுசு கேட்டுக் கேட்டு அவர் அலுத்துப்போனார் என்றாள். புது பூட்ஸ் கடிக்கும். இரண்டு சாக்ஸ் போட்டு வீட்டுக்குள் நடந்து பழக்கிய பிறகே வேலைக்குப் போட்டுப் போவாராம்.

இன்ஸ்பெக்டர் உடலின் புகைப்படத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு ஏட்டைப் பட்டறைக்கு அனுப்பினார்.

மாலையில் மேலாளரும் ஃபோர்மேனும் வந்தார்கள். பூட்ஸை ஒரு மாதம் முன்பே கொடுத்துவிட்டதாக மேலாளர் சொன்னார். வெல்டர் விழுந்ததும் மச்சான் வண்டி பிடிக்க ஓடினான். ஃபோர்மேன் மின்சாரத்தை நிறுத்தப் போனார். திரும்பி வந்தபோதும் ஏணி சுவரில் சாய்ந்தபடியே நின்றது என்றார் ஃபோர்மேன்.

"ஏணி நழுவல. கால்தான் நழுவியிருக்கு," என்றார் இன்ஸ்பெக்டர். "ஒரு மாசம் நடந்த தோல்ல விரல் மடங்குற இடத்துல கோடு விழுந்திருக்கணும். இதுல ஒண்ணுகூட இல்ல. செத்த பிறகு மாட்டிவிட்ட பூட்ஸ் இது."

"அப்ப நான்தான்னு எப்படி? ஃபோர்மேனும் இருந்தாரே," என்றார் மேலாளர்.

இன்ஸ்பெக்டர் புகைப்படத்தை ஃபோர்மேனிடம் நீட்டினார். ஃபோர்மேன் முகம் மாறியது.

"பேன்ட்ட பூட்ஸுக்குள்ள செருகியிருக்கு. வெல்டர் எவனும் இப்படிப் போட மாட்டான் சார். பொறி நேரா உள்ள விழும், கால் வெந்துடும். பேன்ட் வெளியதான் தொங்கும்."

"நெருப்புகிட்ட நிக்காத கை செஞ்ச வேலை," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஏட்டு ஒரு சாக்கைக் கவிழ்த்தார். மேலாளர் அறை அலமாரிக்குப் பின்னால் கிடைத்த பழைய ஜோடி விழுந்தது. அடிப்பாகம் கண்ணாடிபோல் வழவழத்தது.

மனைவி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பூட்ஸ் குடுக்கலன்னு தெரிஞ்சா பட்டறைய மூடிடுவாங்கன்னு பயந்துட்டேன்," என்றார் மேலாளர்.

"அதுக்கு ஒருத்தன உள்ள தள்ளினீங்க."

மச்சான் வெளியே வந்தான். அக்கா பக்கத்தில் போய் நின்றான். ஏட்டு இந்த முறை அவசரப்படவில்லை. மேலாளர் தன் பளபளப்பான ஷூவைக் கழற்றும்வரை காத்திருந்தார். பிறகு அவரை உள்ளே விட்டுக் கதவைச் சாத்திப் பூட்டினார்.