கறுப்புச் சேற்றுக்குள் ஒரு பொன் சங்கு

“சேத்தை அள்ளிட்டு வர்றதுக்கு ஒரு படிப்பா!”

படகு கிளம்பியதுமே தனஞ்செயன் உரக்கச் சிரித்தார். ‘புதையல் மன்னன்’ என்று தன் சட்டையில் தானே அச்சடித்துக்கொண்டவர் வேறு எப்படிச் சிரிப்பார்? மூழ்கிய கப்பலிலிருந்து தங்கம் எடுக்கப்போவதாகச் சொல்லி, கரையில் நிருபர்களையும் நிறுத்திவிட்டு வந்திருந்தார்.

கடலடிச் சேற்றை ஆராயும் டெல்பின் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தூத்துக்குடியில் அன்று கடலுக்குக் கிளம்பிய படகு அவள் மாமா கஸ்பாருடையது ஒன்றுதான். அதனால் இந்த ஆளைச் சகிக்க வேண்டியிருந்தது.

“சார், அந்தச் சேத்துக்குள்ள இரும்பு கரைஞ்சு மேல வரும். காத்து கலந்த கடல் தண்ணி பட்டதும் துருவாப் படியும். பாசி வளர வேண்டிய சத்தை அந்தத் துருதான் பிடிச்சு வெச்சு அளவா விடுது. பாசி இருந்தாத்தான் மீனு. நீங்க சேறு உறிஞ்சுற பம்பு வெச்சுக் கலக்குனா அடியில கிடக்க விஷ வாயுவும் கிளம்பிரும். நான் மண்ணு எடுக்குற வரைக்கும் பம்பைத் தொடாதீங்க!”

“சேத்துக்குப் பாடம் நடத்துதியாம்மா?”

மூச்சுக் கருவியை மாட்டிக்கொண்டு இருவரும் கடலுக்குள் குதித்தார்கள். டெல்பின் கண்ணாடிக் குழாயை அடித்தரையில் மெல்ல அழுத்தினாள். மேலே பழுப்பு, அடுத்துச் சாம்பல், அடியில் கன்னங்கறுப்பு! அடுக்கு கலையாமல் ஏறியது.

அப்போதுதான் அந்த முட்டாள் பம்பைத் திருகினார்.

கறுப்புப் புகைபோலச் சேறு குபீரென்று எழுந்தது. தன் கையே தெரியவில்லை! டெல்பின் சட்டென்று குழாயின் மூடியை இறுக்கினாள். அருகே ஏதோ உதைத்துக்கொண்டது. பம்பின் குழாய் தனஞ்செயனின் காலைச் சுற்றியிருந்தது. விட்டுவிட்டுப் போகலாமா? ஒரு கணம் நினைக்கத்தான் செய்தாள். பிறகு கத்தியால் குழாயை அறுத்து, அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்துக்கொண்டு, படகிலிருந்து தொங்கிய கயிற்றை இழுத்தாள். கஸ்பார் இருவரையும் தூக்கிப் போட்டார்.

“உசுரோட இருக்காராம்மா இந்த ஆளு?”

“இருக்காரு மாமா. திட்டுறதுக்கு ஆளு வேணும்லா?”

படகைச் சுற்றி மீன்கள் வெள்ளை வயிறு காட்டி மிதந்தன. தனஞ்செயன் அவற்றைப் பார்க்கவே இல்லை. இருமிக்கொண்டே கையை விரித்தார். பளபளவென்று ஒரு சின்னச் சங்கு!

“தங்கம்! முழுக்கத் தங்கம்!”

டெல்பின் அதை வாங்கி இரும்புக் கம்பியில் ஓங்கி உரசினாள். பொறி பறந்தது; தீக்குச்சி நாற்றம் அடித்தது.

“இரும்பும் கந்தகமும், சார். இந்தச் சேறே செஞ்சது. அஞ்சு காசு பெறாது. இதுக்காகவா இத்தனை மீனைக் கொன்னீங்க?”



கரையில் நிருபர்கள் ஓடிவந்தார்கள். காற்றுப் பட்டால் சேறு துருவேறிவிடும் என்பதால் டெல்பின் கண்ணாடிக் குழாயை வைத்திருந்த ஐஸ் பெட்டியை அணைத்தபடி ஆய்வகத்துக்கு ஓடினாள். பெட்டிக்குள்தான் தங்கம் இருக்கிறதென்று எல்லாக் கேமராக்களும் அவள் பின்னாலேயே ஓடின. அவள் பேச்சை ஒரு வார்த்தை கேட்டிருந்தால் மீன்களும் பிழைத்திருக்கும், மானமும் மிஞ்சியிருக்கும். சேற்று வாயுவின் அழுகிய முட்டை நாற்றத்தோடு தனஞ்செயன் காரில் ஏறினார். டிரைவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நான்கு கண்ணாடிகளையும் இறக்கினான்.