காளான் பெட்டி

பெட்டியை மூடியிருந்த வலைத்துணியில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்திருந்தது. ஹில்க்கா பார்த்தாள். தைக்க வேண்டும் என்று நினைத்தாள். எழுந்திருக்கத்தான் தெம்பில்லை.

பெட்டி அவள் கணவன் ஓஸ்மோவுடையது. குஹ்மோ காட்டில் பட்டுப்போன பிர்ச் மரங்களிலிருந்து குளம்பு மாதிரி கெட்டியான காளான்களைப் பெயர்த்து வருவான். குளிர்காலம் முழுக்க அடுப்புச் சூட்டில் வைத்து எத்தனை வண்டு வெளியே வருகிறது என்று எண்ணுவான். பூச்சி ஆராய்ச்சிக்காரனான அவனுக்கு அதுதான் வேலை. அக்டோபரில் பக்கவாதம் வந்து விழுந்த பிறகும் பெட்டியைத் தூக்கிப்போட விடவில்லை. அவனைத் துடைத்து, புரட்டிப் படுக்கவைத்து, ஓட்ஸ் கஞ்சி ஊட்டி, மூன்று மாதமாக அவள் சரியாகத் தூங்கவே இல்லை. பனி உருகும்வரை இவனை இழுத்துப் பிடித்துவிட்டால் போதும் என்றிருந்தாள்.

மதியம் மூன்று மணிக்கே ஜன்னல் இருட்டிவிட்டது. அடுப்பில் விறகு வெடித்தது, காளான் வாடை அறை முழுக்கக் கனத்தது, அதற்கிடையில் நகத்தால் அட்டையைச் சுரண்டுவது போல் ஏதோ சன்னமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஓஸ்மோவின் போர்வையில் கறுப்பாக ஒன்று ஊர்ந்தது.

"உன் பிள்ளைங்க வெளிய வந்துட்டாங்க."

"எத்தனை?" அவனுக்கு நாக்கு குழறியது.

"ஏழு. உன் வயித்து மேலதான் ஊர்வலம் போகுது."

அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கல்யாணமான புதிதில் அவன் சொன்னது நினைவுக்கு வந்தது: "உசிரோட இருக்கற காளானை அதுக சீண்டாது. செத்ததை மோப்பம் பிடிச்சுதான் போகும். போனா தலைமுறை தலைமுறையா அங்கதான்."

வண்டுகளைக் காப்பிக் கோப்பையில் வழித்துப் பெட்டியில் போட்டாள். திரும்பி வந்தன. இருபது. நாற்பது. எல்லாமே அவன் நெஞ்சை நோக்கி.

அப்படியென்றால் இவன் கதை இவ்வளவுதான். கூடவே இன்னொன்றும் தோன்றியது: இனி தூங்கலாம். சீ, என்ன மனுஷி நான் என்று கூசிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கை சூடாக இருந்தது.

"ஹில்க்கா."

"என்ன?"

"அதுக எங்கிட்ட நிக்கலை."

நெஞ்சைக் கடந்தன. தோளைக் கடந்தன. கோத்திருந்த விரல்களைக் கடந்தன. அவள் மணிக்கட்டில் நின்றன.

"உதறு," என்றான் ஓஸ்மோ. "உதறித் தள்ளு, ஹில்க்கா."

அவள் கை எழவில்லை.

மணிக்கட்டில் ஒரு துளை. வட்டமாக. ரத்தம் இல்லை. வலியும் இல்லை. முதல் வண்டு உள்ளே போனது. மற்றவை வரிசையில் காத்திருந்தன. செத்த காளானிலிருந்து உதிர்வது போலப் பழுப்புத் தூள் அவள் மடியில் உதிர்ந்துகொண்டிருந்தது.